டாக்டர் பட்டம் இல்லாதவர் மனநல அமைப்பை நடத்தலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் விஸ்காம் படித்தவள். விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தாள். இப்போது மனநலத் தொண்டு நிறுவனம் ஒன்றில் தகவல் தொடர்பு அலுவலர் வேலை கிடைத்திருக்கிறது. விசாரித்ததில் அதன் இயக்குநர் டாக்டரே இல்லையாம், எம்.பி.ஏ. படித்து வங்கியில் இருந்தவராம். டாக்டர் அல்லாதவர்கள் கூடி மனநோய்க்கு என்ன செய்துவிட முடியும்? மகளை அனுப்பலாமா?
– ஒரு தந்தை, திருச்சி

பதில்: அனுப்புங்கள். மாதச் சம்பளம் தேதி தவறாமல் வருகிறதா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தொண்டு நிறுவனங்களில் டாக்டர் பட்டத்தைவிட அடிக்கடி காணாமல் போவது அதுதான்.

உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் நீங்கள் இரண்டு வேலைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். நோயாளிக்கு மருந்து எழுதுவது ஒரு வேலை. அதற்குப் படிப்பும் பதிவும் இல்லாமல் ஒருவரும் கை வைக்கக் கூடாது. அந்த நோயாளி வெட்கப்படாமல் வாசல் வரை வர வழி செய்வது வேறு வேலை. இந்த இரண்டாவது வேலையில் பெயர் பெற்றவர்களின் முன்கதையைப் பார்த்தால் உங்களுக்குத் தலை சுற்றும்.

லண்டனில் 1953இல் 'சமாரிட்டன்ஸ்' என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய சாட் வாரா ஒரு பாதிரியார். கூடவே 'ஈகிள்' என்ற சிறுவர் படக்கதை இதழுக்குக் கதை எழுதிக்கொடுத்தவர். விண்வெளிக் கப்பல், வேற்றுக் கிரக மனிதர்கள் எல்லாம் வரும் இதழ் அது. இவருக்கும் மனநலத்துக்கும் என்ன சம்பந்தம்? 1935இல் அவர் நடத்திவைத்த முதல் இறுதிச் சடங்கு ஒரு 14 வயதுச் சிறுமிக்கு. முதல் மாதவிடாயைக் கண்டு, தனக்கு ஏதோ கெட்ட நோய் வந்துவிட்டது என்று அஞ்சி உயிரை விட்டவள். அவளுக்குச் சிகிச்சை எதுவும் தேவைப்படவில்லை. உண்மையைச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது.

செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்தில் அவர் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எண் 'மேன்ஷன் ஹவுஸ் 9000'. அவசர உதவிக்கு 999ஐ அழைத்துப் பழகிய ஊரில் எளிதில் மனத்தில் தங்குகிற எண். உங்கள் மகளைப் போல விளம்பரத் துறையில் இருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். நேரிலும் கூட்டம் வந்தது. வாரா ஒருவருடன் பேசிக்கொண்டிருக்கும்போது காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுக்கச் சாதாரணத் தன்னார்வலர்கள் சிலர் வந்தார்கள். சில மாதங்களில் வாரா ஒன்றைக் கவனித்தார். காத்திருந்தவர்களில் பலர் தேநீர் கொடுத்தவரிடமே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, வாராவைப் பார்க்காமலேயே எழுந்து போகிறார்கள். 1954 பிப்ரவரியில் அழைப்புகளை ஏற்கும் பொறுப்பைத் தன்னார்வலர்களிடமே கொடுத்துவிட்டார். இன்று பல நாடுகளில் இயங்கும் உதவித் தொலைபேசிகளுக்கு அந்தத் தேநீர்க் கோப்பைதான் மூலம்.

உங்கள் மகள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய இன்னொருவர் அமெரிக்காவின் மார்ட்டி மான். மக்கள் தொடர்புத் துறைக்காரர். குடிநோயில் விழுந்து மீண்டவர். 1944இல், யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் துணையுடன், குடிநோய் பற்றிய கல்விக்காக ஒரு தேசியக் குழுவைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய் அவர் சொன்னது மூன்றே செய்திகள்: குடிநோய் ஒரு நோய், குடிநோயாளியை மீட்க முடியும், மீட்கத் தகுந்தவரும்கூட, இது பொதுச் சுகாதாரப் பிரச்சினை, ஆகவே பொதுப் பொறுப்பு. மூன்றும் டாக்டர்களுக்குப் புதிதல்ல. அவர்கள் மாநாட்டில் பேசினார்கள், இவர் மாதர் சங்கங்களில் பேசினார். வித்தியாசம் அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது.

ஒன்றை மட்டும் மகளிடம் சொல்லி அனுப்புங்கள். அமைப்பின் தலைவர் எம்.பி.ஏ.வாக இருக்கலாம். சிகிச்சை பற்றிய முடிவை எடுப்பவர் யார் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கும் அதே எம்.பி.ஏ.தான் பதில் என்றால், வேறு வேலை தேடலாம்.


கேள்வி: மனநலத்தைப் பற்றி இவ்வளவு எழுதுகிறீர்களே, உங்களுக்கு என்ன தகுதி?
– வாசகர், வேலூர்

பதில்: எம்.எஸ்.டபிள்யூ. ஓய்வு பெறும் வரை ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சமூகப்பணியாளர். டாக்டரின் அறைக்கு வெளியே, ஓ.பி. சீட்டுக்கு மேல் ஒரு தாளை வைத்து, "யார் கூட்டிக்கொண்டு வந்தது? எப்போதிலிருந்து தூக்கம் இல்லை? கோயிலுக்கு, தர்காவுக்கு எல்லாம் போய் வந்தாயிற்றா?" என்று கேட்டு எழுதுகிற நாற்காலி என்னுடையது. அந்த நாற்காலியில் இருப்பவருக்கு மருந்து எழுத உரிமை கிடையாது. ஆகவே மாத்திரையின் பெயரைக் குறிப்பிட்டு அளவு கேட்டு வருகிற கடிதங்களுக்கு இந்தப் பக்கத்தில் பதில் வராது.


கேள்வி: வெளிநாட்டை விடுங்கள். தமிழ்நாட்டில் பெரிய மனநல அமைப்புகளைத் தொடங்கியவர்கள் எல்லாரும் மனநல டாக்டர்கள்தானே?
– ஆசிரியை, கும்பகோணம்

பதில்: பாதி சரி. முதலில் சரியான பாதி. சாரதா மேனன் டாக்டர்தான். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்றே அறியப்பட்டவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பெங்களூருவில் மனநல மருத்துவம் பயின்றவர். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பு. ஓய்வுக்குப் பிறகு 1984இல் 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கினார். மருந்து மட்டும் போதாது, மனச்சிதைவுக்கு ஆளானவர்களுக்கு வேலையும் வருமானமும் வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் மனநல மருத்துவர். 1986இல் 'ஸ்நேகா' என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கியவர். ஆனால் ஸ்நேகாவில் தொலைபேசியை எடுப்பவர் டாக்டர் அல்ல, பயிற்சி பெற்ற தன்னார்வலர். டாக்டர் தொடங்கி, டாக்டர் அல்லாதவர்களால் நடக்கும் அமைப்பு அது.

இனி மற்ற பாதி. சாந்தி ரங்கநாதன் டி.டி.கே. குடும்பத்து மருமகள். கணவர் ரங்கநாதனைக் குடிநோய்க்கு இளம் வயதிலேயே பறிகொடுத்தவர். அவர் பெயரிலேயே 1980இல் சென்னையில் ஒரு சிகிச்சை, ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். இன்றுகூட, குடித்து இறந்தவரின் குடும்பம் அதை "மாரடைப்பு" என்று மாற்றிச் சொல்வதைப் பார்க்கிறோம். 1980இல், ஊரறிந்த தொழில் குடும்பத்தின் ஒரு விதவை, கணவர் எதனால் இறந்தார் என்பதைக் கட்டடத்தின் பெயர்ப் பலகையிலேயே எழுதிவைத்ததற்குச் சமம் அது. மக்கள் தொடர்பு என்று தனியாக ஒரு துறை அதற்கு மேல் என்ன செய்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. 1992இல் பத்மஸ்ரீ பெற்றார்.

'பேனியன்' கதையும் அப்படித்தான். தெருவில் அலைந்த மனநலம் குன்றிய ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ள இடம் கிடைக்காமல், 1993இல் தாங்களே இடம் பிடித்தவர்கள் இருவர். வந்தனா கோபிகுமார் சமூகப்பணி படித்தவர். வைஷ்ணவி ஜெயகுமார் மேலாண்மை மாணவி. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள். மனநல மருத்துவர்கள் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார்கள். வர வேண்டிய வரிசையும் அதுதான் என்று நினைக்கிறேன்.


கேள்வி: என் கணவருக்குக் குடிப்பழக்கம். பக்கத்து வீட்டுக்காரர் 'ஏ.ஏ.' கூட்டத்துக்கு அழைக்கிறார். அங்கே டாக்டரும் இல்லை, கவுன்சலரும் இல்லை, குடிகாரர்களே குடிகாரர்களுக்குப் புத்தி சொல்கிறார்களாம். நம்பலாமா அம்மா?
– ஒரு சகோதரி, சேலம்

பதில்: நம்பலாம், சகோதரி. ஆனால் முதல் நாள் அங்கே அல்ல.

'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற அந்த இயக்கம் 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் இரண்டு பேரால் தொடங்கியது. ஒருவர் பில் வில்சன். நியூயார்க் பங்குச் சந்தைக்காரர். இன்னொருவர் பாப் ஸ்மித்; அறுவைச் சிகிச்சை டாக்டர். டாக்டர் பாப் அங்கே டாக்டராக இருக்கவில்லை. அவரும் குடிநோயாளி. கை நடுங்கும் டாக்டரும் கையில் காசில்லாத தரகரும் ஒருவரையொருவர் குடிக்காமல் பார்த்துக்கொண்டார்கள். ஜூன் 10, டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த நாள். அதைத்தான் இயக்கம் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். கட்டணம் கிடையாது. பெயர், ஊர், உத்தியோகம் கேட்க மாட்டார்கள். உங்கள் கணவர் அங்கே கலெக்டராக இருந்தாலும் சுமை தூக்குபவராக இருந்தாலும் ஒரே நாற்காலிதான்.

முதல் நாள் அங்கே அல்ல என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். பல ஆண்டுகளாகத் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களில் வலிப்பு வரலாம். இல்லாத உருவங்கள் தெரிந்து, நினைவு தடுமாறி, உயிருக்கே ஆபத்தாகலாம். "சாமி மேல் சத்தியம், நாளையிலிருந்து தொட மாட்டேன்" என்று அவர் சொன்னால் மகிழ்ச்சியோடு கூடவே ஓர் ஆட்டோவையும் அழையுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டி, நடுக்கம் தணியும் வரை மருந்து எடுத்துக்கொண்டு, அதன் பிறகு கூட்டத்துக்குப் போகட்டும். உங்களுக்கும் ஓர் இடம் உண்டு. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காக வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் தொடங்கிய 'அல்-அனான்' என்ற அமைப்பின் கூட்டங்கள் இந்தியாவிலும் நடக்கின்றன. அவர் குடியை நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் நீங்கள் போகலாம்.


கேள்வி: நடிகைகள் "எனக்கு மனச்சோர்வு இருந்தது" என்று பேட்டி கொடுப்பது விளம்பரம்தானே?
– வாசகர், ஈரோடு

பதில்: இருக்கட்டுமே. தீபிகா படுகோன் 2015இல் அதைச் சொன்னபோது அவருக்குப் பட வாய்ப்புக்குக் குறைவில்லை. அதே ஆண்டு ஓர் அறக்கட்டளையும் தொடங்கினார். விளம்பரம் தெரிந்தவர் நல்ல பொருளுக்கு அதைச் செய்தால் எனக்கு வருத்தம் இல்லை. அடுத்த பேட்டியில் மாத்திரை நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் எழுதுங்கள், பேசுவோம்.


கேள்வி: நான் நாளிதழ் நிருபர். தற்கொலைச் செய்திகளை எழுதுவது பற்றி மனநல அமைப்புகள் எங்களுக்கு வகுப்பு எடுக்கின்றன. டாக்டர்களுக்குப் பத்திரிகைத் தொழிலைப் பற்றி என்ன தெரியும்?
– நிருபர், மதுரை

பதில்: சில டாக்டர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. வியன்னா நகரில் 1978இல் பாதாள ரயில் வந்தது. எண்பதுகளின் நடுவில் அங்கே தற்கொலைகள் பெருகின. பத்திரிகைகள் ஒவ்வொன்றையும் முதல் பக்கத்தில் விரிவாக எழுதின. கெர்னாட் சோனெக் என்ற மனநல மருத்துவரும் அவரது குழுவினரும் 1987இன் நடுவில் ஆசிரியர்களிடம் ஒரு வழிகாட்டுதலைக் கொடுத்தார்கள். பத்திரிகைகள் ஏற்றுக்கொண்டன. அந்த ஆண்டின் முதல் பாதியோடு ஒப்பிட்டால் இரண்டாம் பாதியில் பாதாள ரயில் தற்கொலைகளும் முயற்சிகளும் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. ஒரு மாத்திரைகூடச் செலவாகவில்லை. நம் பிரஸ் கவுன்சிலும் 2019இல் அதே வழியில் விதிகளை வகுத்திருக்கிறது.

விதிகளை ஒப்பிப்பதைவிட ஒரு செய்தியைத் திருத்திப் பார்ப்போம். தேர்வு முடிவு வந்த மறுநாள் உங்கள் மேசைக்கு இப்படி வரும்: "கணிதத்தில் தோல்வி: மனமுடைந்த மாணவி தற்கொலை." அடுத்த வரியில் எந்த அறையில், எதைக் கொண்டு, எத்தனை மணிக்கு, அதற்கடுத்து கடிதத்தின் வாசகம், பக்கத்தில் சீருடையில் சிரிக்கும் புகைப்படம். இதில் முதலில் வெட்ட வேண்டியது தலைப்பில் உள்ள அந்த முக்காற்புள்ளி. கணிதத்தில் தோற்ற ஆயிரக்கணக்கானவர்கள் அன்று இரவு சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்கள். ஒரே காரணம் என்று நீங்கள் எழுதியது நடந்ததும் அல்ல. அதே பாடத்தில் தோற்றுப்போய் அந்தப் பத்திரிகையைப் படிக்கிற இன்னொரு பெண்ணுக்கு அது வழி காட்டுவதாகவும் ஆகிவிடும். "பிளஸ் 2 மாணவி மரணம், போலீசார் விசாரணை" போதும். அறை, முறை, கடிதம், படம் நான்கையும் எடுத்துவிடுங்கள். மிச்சமாகும் இடத்தில் துணைத் தேர்வு எப்போது, விண்ணப்பம் எங்கே என்று எழுதுங்கள். அதே ஆண்டிலேயே மறுதேர்வு வேண்டும் என்று அரசிடம் வாதாடியவர்களில் ஸ்நேகாவும் ஒன்று. கடைசியில் 14416, 104 என்ற இரண்டு எண்கள். முதலாவது மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ். 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, தமிழிலும் பேசுகிறார்கள். மற்றது தமிழக அரசின் சுகாதார உதவி எண்.

நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். பத்திரிகைகள் அதை உரக்க எழுதியதால்தான் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. எங்கே உரக்க, எங்கே தணிந்து என்பது உங்கள் தொழிலின் அறிவு. அமெரிக்காவில் முன்னாள் அதிபரின் மனைவி ரோசலின் கார்ட்டர் 1996இல் இதற்காகவே பத்திரிகையாளர்களுக்கு ஓராண்டு உதவித்தொகை ஏற்படுத்தினார். டாக்டர்களுக்கு அல்ல, உங்கள் தொழில்காரர்களுக்கு.


கேள்வி: எங்கள் நாட்டில் ஒரு காலத்தில் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. பிறகு பெரிதும் குறைந்தது. இது எந்த மனநல நிபுணரின் சாதனை?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உங்கள் கேள்விதான் இந்த மாதம் எனக்கு மிகவும் பிடித்தது. பெரும் பங்கு எந்த மனநல நிபுணருக்கும் சேராது. பேராதனையில் இருக்கும் பூச்சிமருந்துப் பதிவாளர் அலுவலகத்துக்குச் சேரும். அங்கே இருந்தவர்கள் வேளாண்மைத் துறைக்காரர்கள்.

1990களின் நடுவில் இலங்கையில் லட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். 1980ஆம் ஆண்டின் பூச்சிமருந்துக் கட்டுப்பாட்டுச் சட்டம் பதிவாளருக்கு ஓர் அதிகாரம் கொடுத்திருந்தது: எந்த மருந்து நாட்டுக்குள் வரலாம், எது வரக் கூடாது. 1984இல் பாரத்தியான் போன்றவை தடை செய்யப்பட்டன. 1995இல் மிகக் கொடிய நச்சு வகையில் மிஞ்சியிருந்தவை, 1998இல் எண்டோசல்ஃபான். எது எத்தனை பேரைக் கொல்கிறது என்ற கணக்கு ஆஸ்பத்திரிப் பதிவேடுகளிலிருந்து, டாக்டர்களிடமிருந்து வந்தது. 2005க்குள் தற்கொலை வீதம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. பிறகு இன்னும் இறங்கியது. நெல் விளைச்சல் விழுந்துவிடும் என்று பயமுறுத்தினார்கள். விழவில்லை. ஒருவருக்கு அந்தக் கொடிய கணம் வரும்போது, கைக்கெட்டுகிற தூரத்தில் இருப்பது குறைந்த நச்சாக இருந்தால், அவரை ஆஸ்பத்திரி காப்பாற்றிவிட நேரம் கிடைக்கிறது. காப்பாற்றப்பட்டவர்களில் பெரும்பாலானோர் மறுபடி அந்தப் பக்கம் போவதில்லை.

அதற்காக மற்றவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. 1974இல் கொழும்பில் தொடங்கிய 'சுமித்ரயோ' என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் தன்னார்வலர்கள், வந்தவர்களின் துயரத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். போர்க்காலம் முழுவதும் உங்கள் ஊரில் டாக்டர் தயா சோமசுந்தரம் போன்ற மனநல மருத்துவர்கள் மூன்று நான்கு பேரின் வேலையை ஒருவராகச் செய்தார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றப் பட்டியலிலிருந்து 1998இலேயே எடுத்துவிட்டீர்கள். அப்படி முயன்றவரைத் தண்டிக்கக் கூடாது என்று சொல்லவே எங்களுக்கு 2017இன் சட்டம் வர வேண்டியிருந்தது.

எங்கள் பக்கத்திலும் இதே வழியில் ஒரு முயற்சி நடந்தது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் லட்சுமி விஜயகுமாரின் குழுவினர் பூச்சிமருந்துக்கென்றே பொதுவான ஓர் இடத்தில் பெட்டகங்கள் வைத்தார்கள், வங்கி லாக்கர் மாதிரி. மருந்து வயலுக்குப் போகலாம், வீட்டுப் பரணுக்குப் போகக் கூடாது என்பது யோசனை. மனநல மருத்துவர் ஒருவர் சேமிப்புக் கிடங்கு கட்டிக்கொண்டிருந்தார். பேராதனையில் வேளாண்மைத் துறைக்காரர் உயிர் காத்துக்கொண்டிருந்தார்.


கேள்வி: எங்கள் தெருவில் 'மனநல நிபுணர்' என்று ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். உண்மையான தகுதி உள்ளவரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– இல்லத்தரசி, தாம்பரம்

பதில்: பலகையில் உள்ள அந்த இரண்டு சொற்களை விட்டுவிட்டுப் பெயருக்குப் பின்னால் இருப்பதைப் படியுங்கள். எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு மனநல மருத்துவத்தில் எம்.டி. அல்லது டி.பி.எம். இருந்தால் மருந்து எழுதலாம். அவருக்கு மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும். மருந்துச் சீட்டில் அச்சிட்டிருக்க வேண்டும். 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்றால் மருந்து எழுதக் கூடாது. சோதனையும் பேச்சுச் சிகிச்சையும் செய்யலாம். அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணான சி.ஆர்.ஆர். எண் என்ன என்று கேளுங்கள். உண்மையானவர் கோபித்துக்கொள்ளாமல் சொல்லுவார், கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கவும் முடியும். வெறும் 'கவுன்சலர்' என்று இருந்தால் என்ன படித்தார், எங்கே பயிற்சி பெற்றார், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்று மூன்றையும் கேளுங்கள். இப்படிப்பட்ட தொழில்களையும் ஒரு பதிவேட்டுக்குள் கொண்டுவர 2021இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது.

முதல் நாளே 20 அமர்வுக்கு முன்பணம் கேட்டால், எண்ணைச் சரிபார்க்கிற சிரமம்கூட வேண்டாம். எழுந்து வந்துவிடுங்கள்.